முன்னால் கிடக்கும் இடம்

இறந்துபோன முதல் கணவனின் லேப்டாப்பைச் செலின் இந்த வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். அதில் புது ஓ.எஸ். போட உட்கார்ந்த அவளுடைய இரண்டாம் கணவன் ஜெபராஜ், டிஸ்க் இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருப்பதைத் திரையில் பார்த்தான். முதல் பகுதிக்கு இறந்தவனின் பெயர்: எட்வின். அடுத்தது ஜெபராஜுக்கென்று அவள் ஒதுக்கிக் கொடுத்தது. அது நிரம்பி வழிந்தது.

"எட்வின்னு இருக்கத மட்டும் விட்ருங்க," என்றாள் செலின் அடுக்களையிலிருந்து.

"காலியாத்தானே கெடக்கு?"

"காலிதான். இருந்துட்டுப் போகட்டுமே."

உள்ளே போட்டோக்கள் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். ஒன்றுமே இல்லாததை எதற்குக் காத்து வைக்கிறாள்? அழித்தான். பெயர் மறைந்து, அதே இடத்தில், அதே அளவில், 'ஒதுக்கப்படாத இடம்' என்று வந்தது. தன் பகுதியை அதற்குள் நீட்டப் பார்த்தான். நீட்டுவதற்கான பொத்தான் அழுத்த முடியாமல் மங்கியே கிடந்தது. ஒரு பகுதியால் தனக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்குள்தான் நீள முடியுமாம்; முன்னால் கிடப்பதற்குள் முடியாதாம்.

டீயோடு வந்த செலின் திரையைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேரு மட்டுந்தானே போயிருக்கு," என்றாள்.