பின்சீட்டு

குவைத்திலிருந்து திரும்பிய ஹசன் அலியின் பழைய புல்லட்டில் மெக்கானிக் சாலமோன் புது சைலன்சர் மாட்டிக் கொடுத்தார். எசமான் வருவதை மேலப்பாளையத்துக்கே தண்டோரா போட்டுச் சொல்லும் சத்தம். சைலன்சரின் பளபளப்பு கெட்டுவிடுமென்று அவன் பின்சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. பள்ளிவாசல் வரை கொண்டுபோய் விடச் சொன்ன வாப்பாவிடமும், “செருப்பு பட்டா ரப்பர் ஒட்டிக்கிடும் வாப்பா” என்றுதான் சொன்னான். அவர் நடந்தே போனார். போன மாதம் மௌத்தாகி அடக்கமானார்.

இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து தனியாக வந்தவனைச் சாலமோன் வழிமறித்தார்.

“பின்னால யார வே ஏத்துனீரு? சைலன்சர்ல நீல ரப்பர் உருகிக் கெடக்கே!”

“யாரையும் ஏத்தலயே அண்ணாச்சி.”

வீட்டு வாசலில், உம்மா எடுத்துப்போட மனமில்லாமல் விட்டிருந்த வாப்பாவின் நீலச் செருப்புகள் கிடந்தன. ஹசன் அலி குனிந்து வலது செருப்பின் குதிகாலைத் தொட்டான். சூடு ஆறாத ரப்பர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.