ஒன்பதாவது மீன்

டக்.

ஹாலில் மீன் தொட்டியின் மூடி விழுந்த சத்தம். அடுத்த நொடி வாசல் கதவு சாத்தப்பட்ட சத்தம்.

படுக்கையறையில் சீருடைச் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பதினாறு வருடமாக பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. தான் ஏறியதும் எவன் நழுவப் பார்க்கிறான் என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

ஹாலுக்கு வந்தாள். தொட்டியடியில் ஆரம்பித்து வாசல்வரை தரையில் தண்ணீர்ச் சொட்டு.

பழக்க தோஷம், முதலில் தலைகளை எண்ணினாள்.

ஒன்பது.

மறுபடி எண்ணினாள். ஒரு விரற்கணு நீளம்தான் இருக்கும், அந்த நியான் மீன்கள். நீலமும் சிவப்புமாக ஓரிடத்தில் நிற்காமல் அலையும். நெரிசலான பஸ்ஸில் அறுபது பேரை ஒரே பார்வையில் எண்ணுகிறவளுக்கு இது எம்மாத்திரம்?

மூன்றாவது தடவையும் எண்ணினாள். ஒன்பதேதான்.

நாலு மாதத்துக்கு முன்பு இந்த வீட்டுக்கு மனைவியாக வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டி, எட்டு நியான் மீன். எட்டுப் பேர் ஏறின வண்டியில் ஒன்பதாவது ஆள் எங்கிருந்து வந்தது?

ஒன்று குறைந்திருந்தால்கூட அவள் இவ்வளவு யோசித்திருக்கமாட்டாள். தொட்டியில் அவளுக்கு முன்பே ஒரு ஏஞ்சல் மீன் குடியிருந்தது. வெள்ளி உடம்பு, கறுப்புப் பட்டை, உள்ளங்கை அகலம். கணவரின் முதல் மனைவி, கண்ணை மூடுவதற்குச் சில மாதங்கள் முன்னால் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. வாய்க்குள் அடங்குகிற எதையும் ஏஞ்சல் ஒரு நாள் தின்றுவிடும் என்று தெருமுனை மீன் கடைக்காரர் அப்போதே எச்சரித்தார். "ஒரே வீடு, ஒரே தொட்டி" என்று சிரித்துக்கொண்டே சேர்த்து விட்டவர் அவள் கணவர்தான்.

அன்றைக்குத் தங்கையிடம் போனில் பேசும்போது அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "என் மீன்ல ஒண்ணு குறையட்டும், பெட்டியைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன்."

அப்போது மகள் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி இன்னும் பீரோவை ஒட்டியே நிற்கிறது. அதை மேலே ஏற்றிவைக்க நேரம் வாய்க்கவில்லை. அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் மகளின் கண் முதலில் பெட்டிக்குத்தான் போகும். பதினாலு வயசு. இந்த நாலு மாதத்தில் இவளை ஒரு தடவைகூட 'சித்தி' என்று முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. 'இது எப்போது கிளம்பும்' என்று கேட்கிற பார்வை.

கணவர் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர். இன்று வார விடுமுறை.

"இதுல ஒண்ணு டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு" என்றாள்.

"குட்டி போட்டிருக்கும்." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பொய் சொன்னால் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

"நியான் முட்டை போடற ஜாதிங்க. அப்படியே குட்டின்னாலும் பிறக்கும்போதே அம்மா சைஸ்லயா பிறக்கும்?"

இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு கக்கிவிட்டார். போன திங்கட்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் ஏழுதான் இருந்ததாம். அவள் வேலை முடிந்து வருவதற்குள் ஓடிப்போய் ஒன்று வாங்கி விட்டாராம்.

"ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன். சத்தியமா."

ஏழும் ஒன்றும் எட்டு. அப்படியானால் ஒன்பதாவதை விட்டது வேறொரு கை. வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள்.

தொட்டிக்குத் தீனி போடுவது மகளின் வேலை. ஏஞ்சலை வேண்டுமென்றே பட்டினி போட்டிருப்பாளோ? அது ஒன்றை விழுங்கியதும் பயந்துபோய், அப்பாவுக்கும் தெரியாமல் ஆள்மாற்றம் செய்தாளோ? மடியில் கனமில்லாதவள் எதற்காக ஒளித்து ஒளித்து மீன் வாங்க வேண்டும்?

"இன்னைக்கும் எதையோ அள்ளிட்டு ஓடியிருக்கா. தரையைப் பாருங்க, வாசல்வரைக்கும் சொட்டு."

"எதைடீ அள்ளுவா?"

"அதான் புரியல. என்னுது எல்லாம் இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன், ஒன்பதும் இருக்கு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியருகே குனிந்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பாசிச் செடிக்குப் பின்னால் பார்த்தார்.

"ஏஞ்சல் எங்க?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

உள்ளங்கை அகல மீன். அது இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

மூன்று தடவை எண்ணியிருக்கிறாள். மூன்று தடவையும் தன்னுடையதை மட்டும்.

வாசல் கதவு திறந்தது. மகள் நின்றாள். கையில் காலி பாலிதீன் பை. ஓரத்தில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது.

அப்பாவை அவள் பார்க்கவில்லை.

"கடைக்காரர் அதை வேற தொட்டியில விட்டுட்டாரு. இனிமே உங்களுது ஒண்ணும் குறையாது."

வழக்கம்போல அவள் கண், திறந்திருந்த அறைக்குள், பீரோவின் பக்கம் போனது.

"அந்தப் பெட்டியைப் பரண்ல ஏத்திடலாமா?"