இரண்டு நாட்டுப் பட்டம்

“காலேஜ் ஆளுங்க ஒருத்தரும் இந்த ரூம்ல இல்ல. நீங்க என்ன சொன்னாலும் உங்க பேரு வெளிய போகாது. பயப்படாமப் பேசுங்க” என்றார் தரச் சோதனைக் குழுவின் தலைவி.

மேசைக்கு அந்தப் பக்கம் அவரோடு இன்னும் இருவர். இந்தப் பக்கம் நர்சிங் இறுதியாண்டு மாணவிகள் ஆறு பேர். இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கொடுக்கும் பட்டம் அவர்களுடையது. இரண்டு நாடும் அனுப்பும் குழு சரி என்று சொன்னால்தான் அந்தப் பட்டம் செல்லும்.

“ரொம்ப நல்லா சொல்லித் தர்றாங்க மேடம்.”

“லேப் எல்லாம் சூப்பர் மேடம்.”

துறைத்தலைவர் ஊட்டி அனுப்பியதை ஐந்து பேர் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தார்கள். கேட்கவே காது கூசியது.

நடுவில் கதவு தானாகத் திறந்துகொண்டது. பிடியைத் தூக்கி, அடியில் ஓர் உதை விட்டால்தான் அடங்குகிற சண்டிக் கதவு அது. தலைவி பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய், தூக்கி, உதைத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆறாவது பெண்ணை வகுப்பில் ‘வாய்ப்பூட்டு’ என்பார்கள். இன்றைக்கு அவளுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

“அத்தனையும் பொய் மேடம்.”

மற்ற ஐவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“ஐசியூ பயிற்சி அந்த நாட்டு ஆஸ்பத்திரில நடந்திருக்கணும். எங்களை யாரும் கூட்டிட்டே போகல. வீடியோ போட்டுக் காட்டி மார்க் போட்டுட்டாங்க. இங்க கேட்டா அங்க நடந்துச்சுன்னு சொல்றாங்க, அங்க கேட்டா இங்க நடந்துச்சுன்னு சொல்றாங்க. வென்டிலேட்டரை நாங்க தொட்டதுகூட இல்ல மேடம்.”

தலைவி மற்ற ஐந்து மாணவிகளையும் வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் தண்ணீரை நகர்த்தினார்.

“எங்கப்பா மூச்சுத் திணறிக் கிடந்தப்போ, பக்கத்துல நின்ன நர்சுக்கு அந்த மெஷினை ஓட்டத் தெரியல. என் கண்ணு முன்னாடியே போயிட்டாரு. நானும் அந்த மாதிரி ஒரு நர்சா போய் நிக்கக் கூடாது மேடம். எங்களுக்கு ஒழுங்காச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க, அது போதும்.”

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “உன்னை மாதிரி ஒருத்தி வாயைத் திறந்தாத்தாம்மா இதெல்லாம் திருந்தும். ஆனா ஒத்தை ஆள் பேச்சு எடுபடாது. கூட நின்னு சொல்ல வேற யாராவது இருக்காங்களா?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது.

“என் ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்க மேடம். அந்த வீடியோவை எல்லாம் பத்திரமா வச்சிருக்காங்க. நான் கூப்பிட்டா வருவாங்க.”

“ரொம்ப நல்லது. இனி நாங்க பாத்துக்கறோம். நீ நிம்மதியாப் போ.”

பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பா போன பிறகு அவள் இவ்வளவு லேசாக நடந்ததே இல்லை.

அவள் மாடிப்படி இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, தலைவி கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டார்.

“ஒத்திகை முடிஞ்சுது சார். நாளைக்கு நிஜக் குழு வரும்போது மூணு பொண்ணுங்க கேம்பஸ்லயே இருக்கக் கூடாது.”