மைனிக்குத் தெளிவு இல்லை

"பிள்ள கறுப்புக் கோட்டு போட்டு ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள கடன்காரி மாதிரி ஆபீஸ் வாசல்ல போய் நிக்கப் போறியா?"

மாமியார் ராகேல் கேட்டாள். ஜெயஷீலா குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சபையிலேயே முதல் வக்கீல்னு போன ஞாயிறுதான் போதகர் எழுப்பி நிக்க வச்சு ஜெபம் பண்ணுனாரு. நீ போய் அவன் மானத்த வாங்கிட்டு வா."

"செயின் ஏலத்துக்குப் போகுது அத்த."

"போனா போகட்டும். ஒரு கேஸ் ஜெயிச்சா அதுபோல நாலு வாங்கித் தருவான். பொறுமை வேணும் பொம்பளைக்கு."

ஜெயஷீலாவின் கொழுந்தன் விஜின்; அண்ணியை மைனி என்றுதான் கூப்பிடுவான். அவன் வக்கீலுக்குப் படிக்கக் கடன் கேட்டபோது, அண்ணன் செல்வினின் கட்டட வேலைச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு பாங்கில் கை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஒருநாள் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"ஃபீஸ் கட்டலன்னா இந்தப் பரீட்சை எழுத விடமாட்டாங்க மைனி. இந்தப் பாடம் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு."

கல்யாணத்துக்கு அப்பா போட்ட செயின். கழற்றிக் கொடுத்தாள். அவளே அடகும் வைத்துப் பணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"வெளிய தெரிய வேண்டாம் மைனி. கூட்டாளிங்க சிரிப்பாங்க."

அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சபைக்குப் போகப் பழகிக்கொண்டாள். அவன் ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மலையாளத்தில் சத்தம் போட்டுப் படிப்பான். அவள் பால் விடாத கட்டன் சாயா போட்டு வைப்பாள்.

இப்போது செல்வின் சொல்லித்தான் கிளம்பியிருந்தாள். "நான் கேட்டா அண்ணன் தம்பிக்குள்ள சண்டையாயிரும். நீ போய் மெதுவாக் கேளு. ஒன்மேல அவனுக்குப் பாசம் உண்டு."

கரமனையில் பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் மாறி, வஞ்சியூரில் இறங்கினாள். விஜின் ஜூனியராக இருக்கும் ஆபீஸ் மாடியில் இருந்தது.

அவளைப் பார்த்ததும் விஜின் எழுந்து வந்தான். நாற்காலி இழுத்துப் போட்டான். ஃபேனை அவள் பக்கம் திருப்பினான். குழந்தைக்கு பிஸ்கட் வாங்க ஆள் அனுப்பினான்.

கேஸுக்காக வந்திருந்த சரசம்மா என்ற அம்மாள், "ஆரா இது?" என்று கேட்டாள்.

"எங்க மைனி. எனக்கு அம்மா மாதிரி."

ஜெயஷீலாவுக்கு, இப்பேர்ப்பட்ட பிள்ளையிடமா கேட்க வந்தோம் என்று இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். வெள்ளிக்கிழமை ஏலம். வேறு வழி இல்லை.

"தம்பி... அந்தச் செயின். கடையில கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. வட்டியாவது கட்டுனா நிறுத்தி வைப்பாங்களாம்."

விஜின் முகம் கோணவில்லை. ஆபீஸ் பெண் பிஜி சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"பிஜி, இவிடெ நில்லு. கொச்சினக் கொஞ்சம் எடுத்துக்க. மைனி சாயா குடிக்கட்டும்."

பிஜி குழந்தையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். விஜின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கே உரிய மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகக் கேட்டான்.

"மைனி, அந்தக் காரியத்துல மைனிக்குத் தெளிவு ஏதாவது உண்டா?"

எவ்வளவு பணம், எத்தனை வட்டி, எந்தத் தேதி. யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சரியாக நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது.

"எனக்கு என்ன தெளிவு இருக்கப்போவுது தம்பி. அஞ்சாங்கிளாசோட நின்னவ."

"ஒரு தெளிவும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

விஜின் சிரித்தான். "அது போதும் மைனி. இனி நான் பாத்துக்கறேன்."

ஆட்டோ பிடித்து, காசும் கொடுத்து ஏற்றிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ராகேல் கேட்டாள்: "இப்ப மனசு குளுந்துதா?"

"தப்புதான் அத்த. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

சாயங்காலம் செல்வின் வேலை முடிந்து வந்து, குழாயடியில் கைச் சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி என்ன சொன்னான்?"

"தங்கமான பிள்ள. அம்மா மாதிரின்னு எல்லார் முன்னாலயும் சொன்னாரு. அந்த விஷயத்துல தெளிவு உண்டான்னு கேட்டாரு. ஒரு தெளிவும் இல்லன்னேன். இனி நான் பாத்துக்கறேன்னாரு."

செல்வின் கை நின்றது.

"நீ சொல்லும்போது பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"சாயா கொண்டுவந்த பொண்ணு நின்னா. கேஸுக்கு வந்த அம்மா ஒருத்தங்க. ஏங்க, அப்படிச் சொல்லக் கூடாதா?"

குழாயை மூடாமலே அவன் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம பேச்சுல தெளிவுன்னா வெளங்குறது. இந்த ஊர் மலையாளத்துல அதுக்கு அர்த்தம் வேற ஜெயா. ஆதாரம். நீ பணம் குடுத்ததுக்கு ஆதாரம் உண்டான்னு கேட்டிருக்கான்."

அவள் போய்க் குழாயை மூடினாள்.

"ராத்திரியெல்லாம் சத்தம் போட்டு ஒரு தடிப் புக்கு படிச்சானே, நீகூட சாயா போட்டுக் குடுப்பியே. ஆதாரத்தப் பத்தின சட்டம் அது. தெளிவு நியமம்னு பேரு. அந்தப் பரீட்சைக்குத்தான் ஒன் செயின அடகு வச்சோம்."