மன்னிக்கப்பட்டவள்

வீட்டைவிட்டு ஓடிப்போன மூன்றாம் வருஷம் லில்லிபுஷ்பத்தைத் திருப்பூரில் தேடிக் கண்டுபிடித்தார் அவள் கணவர், சுவிசேஷகர் தவசிமுத்து. கூட்டிப்போனவன் அதற்குள் அவளைக் கைவிட்டிருந்தான். தவசிமுத்து அடிக்கவில்லை, ஏன் போனாய் என்றுகூடக் கேட்காமல் வீட்டுக்கு அழைத்துவந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அன்று அவள் அழுத அழுகை நிஜமானது.

அடுத்த வாரமே நற்செய்திக் கூட்டத்தில் அவளை மேடையேற்றினார். சோரம்போன மனைவியை மறுபடி நேசிக்கும்படி கர்த்தர் ஒரு தீர்க்கதரிசிக்குக் கட்டளையிட்டதை விவரித்து, அவள் ஓடிப்போனதையும் தான் மன்னித்ததையும் சொல்லிவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கையை உயர்த்திக் காட்டினார். ஜனங்கள் தேம்பினார்கள். பிறகு ஊர் ஊராக அழைப்பு வந்தது. பதினோரு வருஷம் அவள் கை மேடை மேடையாக உயர்ந்தது. சந்தையில் மீன் விற்கிறவள்கூட அவளை அடையாளம் கண்டு, "ஆண்டவர் பெரியவரும்மா" என்றாள்.

உடன்குடிக் கூட்டத்துக்கு முதன்முறையாக மகளையும் அழைத்துவந்திருந்தார்கள். திரும்பிவந்தபின் பிறந்தவள்; ஒன்பது வயது. மேடைக்குப் பின்னால் லில்லிபுஷ்பம் கணவரின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"புள்ள முன்வரிசையில இருக்கா. இன்னைக்கு ஒருநா மட்டும் சொல்லாதீங்க."

"கர்த்தரோட கிருபைய மறைக்கச் சொல்லுதியா?"

"நீங்க என்னய மன்னிச்சிப் பதினோரு வருசமாச்சி. இன்னும் மன்னிச்சி முடியலியா?"

தவசிமுத்து அவள் கண்ணைத் தன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தார்.

"அதுக்கு முடிவு இருக்கா லில்லி?" என்றார் அன்பாக.

பாட்டு முடிந்தது. ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். முன்வரிசையில் மகள் நாற்காலிமேல் ஏறிநின்று, எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டத் தொடங்கினாள்.