யாருக்காகப் பின்னிய வலை?

"இதை என்னால ஒத்துக்க முடியாதும்மா" என்றார் சிலந்தி சார்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மேடையில் நின்ற தங்கைக்கு வியர்ப்பது கடைசி வரிசையிலிருந்த அக்காவுக்கே தெரிந்தது.

தேர்வாளரான அவர் லேசுப்பட்டவர் இல்லை. சிலந்திகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர்கள்தான் அரங்கம் முழுக்க. அதில் ஓர் அத்தியாயமே தப்பு என்றது தங்கையின் ஆய்வு.

"குளவி, சிலந்தி முதுகுல முட்டை வைக்குது. புழு அங்கேயே ஒட்டிக்கிட்டு, சிலந்தியை உறிஞ்சி வளருது. சரி. கடைசியில சிலந்தி வேற மாதிரி ஒரு வலை பின்னுதே, அதைப் பின்ன வைக்கிறதே புழுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்னி முடிச்சதும் புழு சிலந்தியைக் கொன்னுட்டு, அந்த வலையிலதான் சார் கூடு கட்டுது."

"தோல் உரிக்கிறப்பவும் சிலந்தி அப்படித்தான் பின்னும். அது தனக்காகப் பின்னிச்சு, புழு ஓசியில குடியேறிடுச்சுன்னு என் புத்தகத்துல இருக்கே."

"படிச்சேன் சார். அதனாலதான் வலை மாறினதும் புழுவை எடுத்துப் பார்த்தேன். கொஞ்ச நாள்ல சிலந்தி பழைய வலைக்கே திரும்பிடுச்சு."

"எடுக்கிறப்ப அடிபட்டிருக்கும்."

"புழு இல்லாத சிலந்திகளையும் அதே மாதிரி பிடிச்சு, முதுகைச் சுரண்டி விட்டேன். அதுங்க வலை மாறல."

அவர் விடுவதாயில்லை. கேள்வி மேல் கேள்வி.

"பொறாமை பிடிச்ச மனுஷன்" என்று பல்லைக் கடித்தாள் அக்கா.

"சரி, புழுவை எடுத்த சிலந்தி ஏதாவது தோல் உரிச்சுதா?"

தங்கை நிமிர்ந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல சார். தோல் உரிக்கப் பின்னின வலையா இருந்தா, உரிச்சிருக்கணுமே."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டினார். அப்புறம் அரங்கமே எழுந்துவிட்டது.

பட்டம் உறுதியானது. தங்கையைக் கட்டிக்கொண்டு அழுத அக்கா, கண்ணைத் துடைத்த கையோடு நேராகச் சிலந்தி சாரிடம் போனாள்.

"உங்க புத்தகத்தைக் காப்பாத்திக்கத்தானே சார் அவளை இப்படி வறுத்தெடுத்தீங்க?"

அவர் சிரித்தார்.

"புத்தகம் தப்புன்னு உங்க தங்கச்சி ஆய்வைப் படிச்ச அன்னைக்கே தெரிஞ்சு போச்சும்மா."

"அப்புறம் எதுக்கு அத்தனை கேள்வி?"

"நான் சும்மா தலையாட்டியிருந்தா, 'சின்னப் பொண்ணு, பாவம்னு பெரியவர் விட்டுக் கொடுத்துட்டார்'னு பேசுவாங்க. இனிமே யாரும் அப்படிச் சொல்ல முடியாது. நான் முழு மூச்சா மோதித் தோத்திருக்கேன்."