ஒரே ஒரு ரசிகர்

"நான் வாசிச்ச பாட்டை யாரும் டவுன்லோட் பண்ணி எடுக்கலேன்னா கிதாரை வித்துடுவேன்," என்றார் விர்யோ.

"பேர் போடாம விடுங்க பாக், தைரியமா எடுப்பாங்க," என்று, ஐயா என்னும் பொருளில் 'பாக்' போட்டுக் கிண்டலடித்தபடியே, இந்தோனேசியாவின் பந்துங் நகரில் அவருடைய வீட்டிலிருந்த கணினிச் சேமிப்புப் பெட்டியில், கோப்புகளைப் பகிர உதவும் டோரன்ட் மென்பொருளை அமைத்தான் கணினி மெக்கானிக் யுதா.

தான் வாசித்துப் பதிந்த பாட்டுகளின் இணைப்பைத் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார் விர்யோ. மனைவி லஸ்த்ரியோடு பேச்சு நின்றுபோன வீட்டில் வேறு யாருக்கு வாசித்துக் காட்டுவது?

மறுவாரம் யுதாவை மறுபடி வரவழைத்தார்.

"ஒரே ஒருத்தர் எல்லாப் பாட்டையும் எடுத்திருக்கார்டா. எந்த வீட்டு மகராசன்னு பாரு."

யுதா பார்த்தான்.

"வேற வீடு இல்ல பாக். உங்க வீட்டு வைஃபைலேர்ந்துதான் எடுத்திருக்காங்க."

விர்யோ எழுந்துபோய் லஸ்த்ரியின் மூடிய அறைக் கதவருகே நின்றார். உள்ளே அவர் வாசித்துப் பதிந்த கிதார்ப் பாட்டு மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது.